கொன்றவருக்குக் கோயில், செத்தவருக்குச் சாலையோரம்

சொந்த நாட்டு மக்களைக் கொன்று நாற்காலியைப் பிடிக்க நினைக்கும் தளபதிகள் யாரும் கவலைப்பட வேண்டாம். உயிரோடு இருக்கும்வரை பதவி, செத்த பிறகு மரியாதை, இரண்டுக்கும் வழி இருக்கிறது. ஸ்பெயினின் ஜெனரல் பிராங்கோ போட்டுக் கொடுத்த வழி.

முதலில், மக்கள் தேர்ந்தெடுத்த அரசுக்கு எதிராகக் கலகம் செய்யுங்கள். 1936இல் அவர் செய்தார். மூன்றாண்டு உள்நாட்டுப் போரில் ஜெயித்ததும், அந்த அரசுக்கு விசுவாசமாக இருந்தவர்களைப் பிடித்து, 'கலகத்துக்குத் துணைபோனார்கள்' என்று சுட்டுத் தள்ளுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, அவருடைய ராணுவ நீதிமன்றங்கள் சாட்டிய குற்றமே அதுதான். உங்களுக்காக வந்த ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் கெர்னிகா நகரைக் குண்டுபோட்டு எரித்தால், ஊரைக் கொளுத்தியது சிவப்புக்காரர்கள்தான் என்று அறிக்கை விடுங்கள். நாணயத்தில் உங்கள் தலையைப் பொறித்து, 'கடவுள் அருளால் தலைவர்' என்றும் எழுதிக்கொள்ளுங்கள். கடவுள் மறுப்பறிக்கை விடப்போவதில்லை.

அடுத்தது கல்லறை. மாட்ரிட் அருகே மலையைக் குடைந்து ஒரு தேவாலயம், உச்சியில் 150 மீட்டர் உயரச் சிலுவை. தோற்ற தரப்புக் கைதிகளும் அதில் கல்லுடைத்தார்கள். உள்ளே 33,000 பேருக்கு மேல் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். பிராங்கோவின் ஆட்கள் சுட்டுக் குழியில் தள்ளியவர்களின் எலும்புகளையும், வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அள்ளிவந்து அங்கே அடுக்கினார்கள். கொன்றவரின் காலடியில் கொல்லப்பட்டவர். இதற்குப் பெயர் நல்லிணக்கமாம்!

பிறகு நிதானமாக, 82 வயதில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடுங்கள். மிச்சத்தை ஜனநாயகம் பார்த்துக்கொள்ளும். 1977இல் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. சர்வாதிகாரத்தை எதிர்த்துச் சிறை சென்றவர்களை விடுவிக்க எழுதிய சட்டம், அவர்களைச் சித்திரவதை செய்த அதிகாரிகளுக்கும் சேர்த்தே குடைபிடித்தது. இடதுசாரிகள் கைதூக்கி ஆதரித்தார்கள். பிராங்கோவின் முன்னாள் அமைச்சர்கள் நடத்திய கட்சியோ வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. மன்னிப்பு வாங்கிக்கொள்வதில்கூட அவ்வளவு கௌரவம்!

காணாமல் போனவர்கள் 1,14,226 பேர் என்று 2008இல் கணக்கெடுத்து, விசாரணையைத் தொடங்கினார் நீதிபதி பால்தசார் கார்சோன். உடனே நீதி விழித்துக்கொண்டது. கொன்றவர்களில் ஒருவர்கூடக் கூண்டில் ஏறவில்லை. 2012இல் ஏறியவர், எண்ணிப் பார்த்த அந்த நீதிபதி. அதிகார வரம்பை மீறினாராம். விடுதலையானார் என்றாலும், பாடம் மற்ற நீதிபதிகளுக்குப் புரியாமலா இருந்திருக்கும்? அன்றைய பிரதமர் ரஹோயின் அரசு இன்னும் சிக்கனம்: குழிகளைத் தோண்ட பட்ஜெட்டில் பூஜ்யம் யூரோ.

2019இல் பிராங்கோவை மலைக்கோயிலிலிருந்து வெளியே எடுத்தார்கள். நேரடி ஒளிபரப்பு, சவப்பெட்டிக்குத் தோள்கொடுக்கக் குடும்பம், சாட்சிக்கு நீதி அமைச்சர், பயணத்துக்கு ஹெலிகாப்டர், மனைவியின் பக்கத்தில் புதிய இடம். அவமானப்படுத்திவிட்டார்களே என்று ஆதரவாளர்கள் குமுறினார்கள். இப்படியோர் அவமானத்துக்காகத்தான் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஏங்கிக் கிடக்கின்றன.

அணைகள் கட்டினாரே என்கிறார்கள். கட்டினார். ஆற்றையும் கட்டினார், வாயையும் கட்டினார். கட்டலான், பாஸ்க் மொழிகளைப் பள்ளியிலிருந்து விரட்டினார். பழைய புண்ணைக் கிளறாதீர்கள் என்றும் உபதேசிக்கிறார்கள். புண் ஆறியிருந்தால்தானே கிளறுவதற்கு? சுட்டவன் பெயரில் தெரு, சுடப்பட்டவன் தெருவோரப் பள்ளத்தில் என்று நாற்பதாண்டு வாழ்ந்துவிட்டு, மறதிதான் பெருந்தன்மை என்று யாருக்குப் பாடம் எடுக்கிறீர்கள்? காணாமல் போனவர்களைத் தேடுவது அரசின் கடமை என்று சட்டம் சொன்னது 2022இல். 1936இல் தகப்பனைப் பறிகொடுத்த கைக்குழந்தைக்கு அப்போது வயது 86.

வரலாற்றை வரலாற்றாசிரியர்களிடம் விட்டுவிடுவோம் என்கிறார்கள் கடைசியாக. நல்லது, விடுங்கள். முதலில் எலும்பைப் பெற்ற பிள்ளைகளிடம் கொடுங்கள். பிராங்கோ நல்லவரா கெட்டவரா என்ற பட்டிமன்றத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.