களைப்பு நீக்கவியல்: குற்றாலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

உடலை வருத்திப் பயிற்சி செய்த பின் அதனைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வழிகளை ஆராயும் துறை உலகெங்கும் செழித்து வளர்ந்துள்ளது. ஆயினும் அத்துறையினர் அனைவரும் பயிற்சி முன்னே, களைப்பாறுதல் பின்னே என்ற வரிசையை ஐயமின்றி ஏற்றுக்கொண்டமையால், தென்காசி மாவட்டம் குற்றாலத்தில் ஆண்டுதோறும் ஜூன் முதல் செப்டம்பர் வரை நிகழும் தனித்தன்மை வாய்ந்த வழக்கம் அவர்கள் பார்வைக்குத் தப்பிவிட்டது. அங்கு வருவோருள் பெரும்பாலோர் எவ்விதப் பயிற்சியும் செய்யாமலேயே களைப்பாறத் தொடங்குகின்றனர் என்பதும், அந்தக் களைப்பாறுதலே கடும் பயிற்சியாக முற்றி, அதிலிருந்து மீள மற்றொரு களைப்பாறுதலை வேண்டி நிற்கிறது என்பதும் இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்துகளாகும்.

தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்காசிப் பக்கம் வரும்போது உதிர்த்துச் செல்லும் மெல்லிய தூறலுக்குச் சாரல் என்று பெயர். மலைமேல் பெய்யும் மழையால் சிற்றாறு பெருகி, தேனருவியாகவும் செண்பகாதேவி அருவியாகவும் விழுந்து, இறுதியில் பேரருவியாக ஊருக்குள் இறங்குகிறது. அவ்வளவு உயரத்திலிருந்து வரும் நீர் நேரே தலையில் விழுந்தால் களைப்போடு ஆளும் நீங்கிவிடக்கூடும் என்பதால், பாறையின் நடுவே அமைந்துள்ள பொங்குமாங்கடல் என்னும் ஆழ்குழி அதனை முதலில் வாங்கி, பொங்கவிட்டு, வேகத்தைத் தணித்துக் கீழே அனுப்புகிறது. விளையாட்டு மருத்துவ நிலையங்கள் பெருஞ்செலவில் பொருத்தும் நீரழுத்தக் கருவியின் வேலையை இப்பாறைக்குழி மின்சாரமும் கட்டணமும் இன்றிச் செய்துவருகிறது.

இனி, நீக்கப்பட வேண்டிய களைப்பு எங்கிருந்து வருகிறது என்பதை நோக்க வேண்டும். முறைப்படி வரவேண்டுமானால் செண்பகாதேவி அருவிக்குச் செல்லும் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஏறி இறங்க வேண்டும். ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதே தசைக்குக் கேடு என்பதைப் பலர் அறியார். இறங்கும்போது தொடைத்தசை உடலின் பளுவைத் தாங்கியபடியே நீள்வதால் அதன் இழைகளில் நுண்ணிய சேதம் உண்டாகிறது. அந்த வலி அன்று தெரியாமல், அடுத்த ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் உச்சம் அடைகிறது. தாமதத் தசைவலி எனப்படும் இதனை அமெரிக்க உடலியலாளர் தியோடர் ஹஃப் 1902-இலேயே விவரித்துள்ளார். விடுதிக் கழிவறையில் மறுநாள் காலை குந்த முற்படும்போது அவர் கூற்றின் உண்மை ஐயம் திரிபற விளங்கும். எனினும் அப்பாதை வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருப்பதாலும், வருவோரின் மன இயல்பாலும், இம்முறை பெரிதும் வழக்கில் இல்லை.

வழக்கில் உள்ளது அருவியடிப் பயிற்சியே ஆகும். வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து ஈரத்துண்டும் மாற்றுடையும் சுமந்து நடப்பது இதன் முதற்கட்டம். வரிசையில் நிற்பது இரண்டாவது. இவ்விரண்டும் எளியவை. நீர் விழும் நடுவிடத்தை அடைவதும், அடைந்ததைக் காத்துக்கொள்வதும்தான் கடினமானவை. ஒருவர் பக்கவாட்டில் தோளைச் செருகி, முன்னிற்பவரின் எண்ணெய்ப் பசை போகாத முதுகில் வழுக்கி, பாசி படிந்த தரையில் விரல்களை ஊன்றி, ஒருவாறு இரும்புக் கம்பியைப் பற்றிவிட்டால், அதன்பின் அவர் செய்ய வேண்டியது அசையாமல் நிற்பது ஒன்றே. தசை தன் நீளம் மாறாமல் இறுகி நிற்கும் இத்தகைய உழைப்பை உடலியலார் நிலை இறுக்கம் என்பர். ‘கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணாச்சி’ என்று பின்னிருந்து குரல் வரும்தோறும் இறுக்கம் கூடுவதால், இங்கே பயிற்சியாளர் தனியாகத் தேவைப்படுவதில்லை. களைப்பைப் போக்க வந்தவர் கால்மணி நேரத்தில் உண்மையாகவே களைத்துவிடுகிறார் என்பதால், வரிசை தலைகீழானாலும் ஆய்வுக்குரிய பொருள் கைக்குக் கிட்டிவிடுகிறது.

எண்ணெய் பற்றி அறிஞரிடையே இரு கட்சிகள் உள்ளன. எண்ணெய் தேய்க்காமல் அருவியில் நிற்பது குளியலே அன்று என்பது ஒரு சாரார் கொள்கை. வெறும் நீரே போதும், எண்ணெய் தலையணை உறையைக் கெடுக்கும் என்பது மற்றொரு சாராரின், பெரும்பாலும் இல்லத்தரசிகளின், கொள்கை. அருவிநீர் மாசுபடுவதைத் தடுக்க எண்ணெய், சோப்பு, ஷாம்பு ஆகியவற்றை அங்கே பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விதித்த தடையால், முதற்கட்சியினர் கடைத்தெருவிலோ விடுதியிலோ மசாஜ் செய்துகொண்டு, அங்கேயே தேய்த்துக் குளித்துவிட்டு, மீண்டும் குளிப்பதற்காக அருவிக்கு வர வேண்டியுள்ளது. தடை நியாயமானது, உழைப்பு இரட்டிப்பானது. மசாஜின் பயனைப் பொறுத்தவரை, பல ஆய்வுகளை ஒருங்கே நோக்கி 2018-இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று, தசைவலியையும் சோர்வையும் குறைப்பதில் பிற முறைகளைவிட இதுவே சிறந்தது என்று கண்டது. ஆனால் தேங்கிய லாக்டிக் அமிலத்தைப் பிழிந்து வெளியேற்றுவதால்தான் வலி நீங்குகிறது என்று உடற்பயிற்சிக் கூடங்களில் இன்றும் ஓதப்படும் விளக்கம் ஏற்கத்தக்கதன்று. அவ்வமிலம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தானே கரைந்துவிடுகிறது, வலியோ மறுநாள்தான் வருகிறது.

குளிர்நீர் பற்றிய செய்தி சற்றுச் சிக்கலானது. 17 சிறு ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, குளிர்நீரில் மூழ்கியவர்களுக்குத் தசைவலி ஓரளவு குறைந்தது என்று கண்டது. அவ்வாய்வுகளில் பெரும்பாலும் நீரின் வெப்பநிலை 10 முதல் 15 டிகிரி செல்சியஸ். குற்றால நீருக்கு அவ்வளவு குளிர்ச்சி கிடையாது. வெளியே வந்தபின் பற்கள் கிட்டித்துக்கொள்வதற்கு நீரைக்காட்டிலும் ஈர உடம்பில் வீசும் சாரல் காற்றே பொறுப்பு. இக்குறையும் நன்மைக்கே என்று கொள்ள இடமுண்டு. எடைப் பயிற்சிக்குப் பின் ஒவ்வொரு முறையும் 10 டிகிரி நீரில் 10 நிமிடம் இருந்தவர்களுக்கு, 12 வாரங்களில், குளிர்நீரில் இறங்காதவர்களைவிடத் தசை குறைவாகவே வளர்ந்தது என்று 2015-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியுள்ளது. தசை வளர்க்கும் எண்ணமே இல்லாத குற்றாலப் பயணியை இம்முடிவு எவ்வகையிலும் பாதிக்காது.

அருவியடிப் பயிற்சியிலிருந்து மீள்வதற்கான இரண்டாம் களைப்பாறுதல் செங்கோட்டையை அடுத்த பிரானூர் பார்டரில் நடைபெறுகிறது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணையும்வரை அங்கே மாநில எல்லை இருந்தது. எல்லை போய்விட்டது, பரோட்டா நிலைத்துவிட்டது. தசையில் சேமிக்கப்பட்டு உழைப்பின்போது செலவாகும் மாவுச்சத்தாகிய கிளைக்கோஜனை ஈடுசெய்ய மைதாவும், சேதமுற்ற இழைகளைச் செப்பனிட நாட்டுக்கோழியும், வியர்வையில் போன உப்புக்குச் சால்னாவும் அமைந்திருப்பதால் கோட்பாட்டளவில் இவ்வுணவில் குறை காண முடியாது. ஒரு வேளைக்கு 20 முதல் 25 கிராம் புரதம் போதும் என்பது ஊட்டச்சத்தியலார் கணக்கு. இக்கணக்கை அறிந்தவரும் பிய்த்துப் போட்ட பரோட்டாவின் மேல் சால்னா ஊற்றப்படும் ஓசையைக் கேட்டபின் அதில் நிற்பதில்லை. வழியில் வாங்கும் ரம்புட்டானும் மங்குஸ்தானும் விரல்களுக்குப் பயிற்சி என்ற அளவில் குறிப்பிடத்தக்கன.

எஞ்சியது உறக்கம். உடல் தன்னைச் செப்பனிட்டுக்கொள்ளும் நேரம் அதுவே என்று விளையாட்டு மருத்துவம் கூற, எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று பகலில் உறங்கலாகாது என்று வீட்டுப் பெரியவர்கள் கூறுகின்றனர். திரும்பும் வேனில் அமர்ந்தபடியே தலைசாய்ந்து, ‘தூங்கல, கண்ண மூடியிருக்கேன்’ என்று அறிவிப்பதன் மூலம் இரு தரப்பும் இதுவரை நிறைவு செய்யப்பட்டு வந்துள்ளன.

அருவிக் குளியலின் அளவு பற்றி ஒரே ஒரு விதி உண்டு, அதில் கட்சி வேறுபாடு இல்லை. மலைமேல் மழை வலுத்தால் பொங்குமாங்கடலாலும் வேகத்தைத் தணிக்க இயலாது. பேரருவியின் நீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழத் தொடங்கும். அப்போது காவலர் விசில் ஊதினால், கம்பியை விட்டுவிட்டு உடனே வெளியேறுமாறு ஆய்வாளர் அனைவரும் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.