பாலோ நாம், டாக் நாம்

வங்காளிகளுக்கு இரண்டு பெயர்: ஊருக்கு ‘பாலோ நாம்’, வீட்டுக்கு ‘டாக் நாம்’. ஜாதவ்பூரில் எங்கள் எதிர் ஃப்ளாட் லாப்ரடாருக்கும் அப்படியே. கென்னல் கிளப் ஆஃப் இந்தியா சான்றிதழில் சமஸ்தான மகாராணி மாதிரி நீளப் பெயர், கூப்பிடுவது ‘புச்கி’. கிளப்பின் தலைமையகம் சென்னை என்பதால் சான்றிதழை என்னிடம்தான் பெருமையாகக் காட்டினார் தாதா. (இங்கே தாதா என்றால் அண்ணன், பயப்பட வேண்டாம்.)

விற்றவரோடு ஓர் ஒப்பந்தமும் உண்டு: அவர் அனுமதியில்லாமல் குட்டி எடுக்கக் கூடாது. தாதாவின் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அனுமதிதான் கேட்கவில்லை. சான்றிதழுள்ள மாப்பிள்ளை ஒருவனை ரகசியமாக ஏற்பாடு செய்தார். 8பி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பிஸ்கட் தின்று வளர்ந்த செவலையோ யாரையும் எதையும் கேட்கவில்லை.

குட்டிகள் நான்கு. மூன்றுக்குச் செவலை நிறம், சுருட்டை வால். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு விதி. அதற்குள் வால் நிமிர்ந்துவிடும் என்று நம்புகிறார் தாதா. நாய் வால் பற்றி எங்கள் ஊரில் ஒரு பழமொழி உண்டு, சொல்லவில்லை.

நேற்று பதிவுப் படிவத்தோடு வந்தார். “தகப்பன் பெயர்ல மாப்பிள்ளை பேரையே போட்டுடலாமா?”

கீழே கேட்டருகே செவலை வாலாட்டிக்கொண்டு நின்றது.