பன்னாட்டு மச்சினர்

முதன்முதலாகக் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கப் போகும் தங்கச்சி, ராத்திரியெல்லாம் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகியிருப்பாய். வீண் வேலை. அங்கே பேசப்போகிறவர்கள் வேறு ஆட்கள்.

அழைப்பிதழில் காலை பத்து மணி. குத்துவிளக்கில் எண்ணெயும் திரியும் தயார். ஏற்ற வேண்டிய சிறப்பு விருந்தினர் அப்போதுதான் சுங்கச்சாவடியைத் தாண்டிக்கொண்டிருப்பார். வந்ததும் தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தாளாளரைப் புகழும் தலைமையுரை, முதல்வரைப் புகழும் வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப்பரிசு, மறுபடியும் பொன்னாடை. நடுவே துறைத்தலைவரின் சிங்கப்பூர் மச்சினர் திரையில் தோன்றி, "என் குரல் கேக்குதா?" என்பார். அந்த நொடியே அது பன்னாட்டுக் கருத்தரங்கு! 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்த என்ன பாடுபட்டிருப்பார் தனிநாயகம் அடிகள். பாவம், துறவிக்கு ஏது மச்சினர்?

உன் அமர்வு சாப்பாட்டுக்குப் பிறகு. தூத்துக்குடி உப்பளங்களில் வெயிலில் அலைந்து, உப்பு வாரும் பெண்கள் பாடக் கேட்டு எழுதிய பாட்டுகளை எடுத்து வைப்பாய். தலைப்பை வாசித்து முடிப்பதற்குள் அமர்வுத் தலைவர் மேசையைத் தட்டுவார்: "நேரமில்லம்மா, முடிவுரைய மட்டும் சொல்லு." சொல்வாய். கேள்வி கேட்க ஆளிருக்காது. எல்லாரும் சான்றிதழ் வரிசையில் நிற்பார்கள். நீயும் போய் நில். கட்டிய காசுக்கு அந்தத் தாளும், ஒரு பேனாவும், ஆறிப்போன சாம்பார் சாதமும்தான் மிச்சம்.

தொகுப்பில் கட்டுரை வர வேண்டுமா? அதற்குத் தனிக் கட்டணம். ஐஎஸ்பிஎன் உண்டாம்! இந்தியாவில் அந்த எண் இலவசம்; சமையல் குறிப்புப் புத்தகத்துக்கும் கிடைக்கும். ஆய்வின் தரத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. சும்மா கிடைத்த எண்ணைக் காட்டிப் பிள்ளைகளிடம் காசு பிடுங்கக் கூசவில்லையா, ஐயாமாரே?

ஆய்வேட்டைக் கொடுக்குமுன் இரண்டு கருத்தரங்குகளில் வாசித்திருக்க வேண்டும் என்றது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதி. 2022இல் அதை எடுத்துவிட்டார்கள். கடையை மூடினார்களா? எப்படி மூடுவார்கள்? 2018 விதிப்படி ஆசிரியர்களின் ஆய்வு மதிப்பெண்ணில் தேசியக் கருத்தரங்குக்கு 3, உள்நாட்டில் நடக்கும் பன்னாட்டுக் கருத்தரங்குக்கு 5. இடையிலுள்ள அந்த 2 மதிப்பெண்தான் திரையில் வந்து, குரல் கேட்கிறதா என்கிறது. ட்யூஷன் எடுத்துப் படிக்கிற பிள்ளை கட்டும் காசில் பெரியவர்கள் பதவி உயர்வுக்கு ஏணி போடுகிறார்கள்.

அடுத்த அழைப்பிதழ் வாட்ஸப்பில் வரும். "ஒரு கட்டுரைக்கு எத்தனை நிமிடம், கேள்விக்கு எத்தனை நிமிடம்?" என்று கேள். பதில் வராவிட்டால் காசைக் கட்டாதே.