பிள்ளைக்கு முந்திப் பிறந்த சட்டைகள்

கொழும்பு தன் வீட்டுக்குள் வைத்திருக்க விரும்பாததையெல்லாம் களனி ஆற்றுக்கு இந்தப் பக்கம் தள்ளிவிடும். புறக்கோட்டை மீன் சந்தை 2011-இல் பேலியகொடைக்கு வந்தது. 2020 நவம்பரில் மெனிங் மரக்கறிச் சந்தை வந்தது. வெள்ளவத்தையில் வாடகை கட்டி மாளாமல் நானும் என் கணவரும் வந்தோம். அவருக்கு வேலை பியகம வலயத்தில், ஏற்றுமதி உடுப்புத் தொழிற்சாலை ஒன்றில். அம்மா இருப்பது கொட்டாஞ்சேனையில், பாலத்தைத் தாண்டினால் வந்துவிடுவார். மாமி இருப்பது வெள்ளவத்தையில், காலி வீதி நெரிசலைக் கடந்து, புறக்கோட்டையில் பஸ் மாறி வரவேண்டும். ஒரு மருமகளுக்கு இதைவிட நல்ல இடம் கொழும்பைச் சுற்றிக் கிடைக்காது. ஆனால் நான் பிள்ளைத்தாய்ச்சி என்று தெரிந்த கிழமையிலிருந்து மாமி விடியக்காலை முதல் பஸ்ஸைப் பிடிக்கத் தொடங்கினார்.

அம்மா வந்தது தையல் மிசினோடு. சிங்கர் கம்பனி இலங்கைக்கு வந்தது 1877-இல். மிசினைத் தவணைக்குக் கொடுக்கலாம் என்ற யோசனை அமெரிக்காவில் அவர்களுக்கு 1856-இலேயே வந்துவிட்டது. இரண்டும் சேர்ந்ததன் பலன், இந்த நாட்டில் கட்டில் இல்லாத வீடு இருக்கும், சிங்கர் மிசின் இல்லாத வீடு இருக்காது. எங்களுடையது அம்மம்மா தவணைக்கு எடுத்த கால் மிசின். அடிப்பாகம் முழுக்க வார்ப்பிரும்பு. வீட்டுக்காரர் கீழ்த்தட்டில் ஒரு மூலை தருவதாகச் சொன்னார். அம்மா 2016 மே மாத வெள்ளத்தை ஞாபகப்படுத்தி, மாடிக்குத்தான் போகவேண்டும் என்றார். என் கணவரும் முச்சக்கரவண்டிக்காரரும் அதைப் படியேற்றியபோது எழுந்த முனகலைக் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா, எனக்கு நேரம் வந்துவிட்டதென்று சுடுதண்ணீர்ப் போத்தலோடு ஓடிவந்தார். அப்போது எனக்கு நான்காம் மாதம்.

மாமிக்கு ஊர் யாழ்ப்பாணம். அவர் கொண்டுவந்த சட்டம் தெளிவானது. பிள்ளை பிறக்க முந்தி அதற்கென்று ஒன்றும் வாங்கப்படாது, தைக்கப்படாது. பிறந்த பிள்ளைக்கு முதலில் சுற்றுவது பழந்துணி. புதுச்சட்டை முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த பிறகுதான். கிரகண நேரத்தில் மட்டும் பிள்ளைத்தாய்ச்சி ஊசியும் கத்தரிக்கோலும் தொடக்கூடாது என்றுதான் நான் கேள்விப்பட்டிருந்தேன். மாமி, ஏன் வில்லங்கம் என்று ஒன்பது மாதத்தையும் கிரகணமாக அறிவித்துவிட்டார். என் வீட்டில், என் பிள்ளைக்காக நடந்த தையல் வேலை முழுவதிலும் ஊசி பிடிக்கத் தடை இருந்தது எனக்கு ஒருத்திக்குத்தான்.

அம்மா செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போகிறவர். கிரகணம் அவருடைய கணக்கில் இல்லை. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் தையல் படித்தவர், அதிலும் ஸ்மோக்கிங்கில் பேர் எடுத்தவர். துணியை மெல்லிய மடிப்புகளாக இழுத்துச் சேர்த்து, அந்த மடிப்புகளின் மேல் தேன்கூட்டுக் கட்டங்களாக நூல் ஓட்டுகிற வேலை அது. இலாஸ்டிக் இல்லாத காலத்தில், குனிந்து நிமிரச் சட்டை இழுபட்டுக் கொடுக்கட்டும் என்று இங்கிலாந்தின் வயல் கூலிகள் போட்டது. நூறு வருடங்களுக்கு மேல் பயணம் செய்து அது இப்போது இலங்கைக் குழந்தைகளின் நெஞ்சில் வந்து நிற்கிறது. கலப்பை பிடிக்கிறவனுக்கான ஏற்பாடு, கழுத்து நிற்காத ஆளுக்கு எதற்கு என்று கேட்டேன். "நீங்க சும்மா இருங்க மகள்" என்றார் அம்மா. அந்த மாதங்களில் நான் அதிகம் கேட்ட வசனம் அதுதான்.

அம்மாவின் மடியில் வெள்ளை வொயில் சட்டைகள் ஒவ்வொன்றாகப் பிறப்பதை மாமி பார்த்துக்கொண்டிருந்தார். சம்பிரதாயத்தை மீறவும் முடியாது, சம்பந்தியிடம் தோற்கவும் முடியாது. ஒரு நாள் மாமாவின் பழைய வேட்டிகளை ஒரு பையில் கொண்டுவந்தார். அவற்றைச் சதுரம் சதுரமாக வெட்டி, விளிம்பை மடித்துக் கையால் ஓட ஆரம்பித்தார்.

"மாமி, தைக்கப்படாது எண்டு சொன்னீங்கள்."

"இது தையல் இல்லைப் பிள்ளை. ஓரம் மடிக்கிறது. துணியும் பழசு."

பிறகு ஒரு பழைய சீத்தைச் சேலை வந்தது, நாலாக மடித்து விரிப்பாயிற்று. அதுவும் ஓரம் மடித்ததுதான். பிறகு ஏணை கட்டுவதற்கென்று தன்னுடைய கூறைக்கு அடுத்த நல்ல சேலையைக் கொண்டுவந்து, "பிள்ளைக்கெண்டு ஆர் சொன்னது? சேலை, சும்மா இருக்கட்டும்" என்று அலுமாரியில் வைத்தார். சட்டத்தை இவ்வளவு நுணுக்கமாக வளைக்கத் தெரிந்தவர் ஹல்ஸ்டோர்ப் நீதிமன்றத்தில் இருந்திருக்க வேண்டும்.

இரண்டு பேரும் மூன்றாவது ஆளை எதிர்பார்க்கவில்லை. என் கணவர் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. பகல் முழுவதும் ஐரோப்பியக் குழந்தைகளின் உடுப்பைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு வருகிற மனிதர். ஒரு பின்னேரம் குளித்துச் சாப்பிட்டு, அம்மா அடுக்கி வைத்திருந்த சட்டைகளைக் கையில் எடுத்தார். உள்ளே வெளியே திருப்பினார். அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணினார். கக்கத்துப் பொருத்துத் தையலை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார். கழுத்து நாடாவைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. சின்னப் பிள்ளைகளின் உடுப்பில் கழுத்துப் பக்கம் கயிறு, நாடா எதுவும் தொங்கக்கூடாது என்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கடுமையான விதி இருக்கிறது. எங்காவது மாட்டி இறுகினால் உயிருக்கே ஆபத்து. பொத்தானும் கழன்று வாய்க்குள் போகும், ஆகவே இழுவைச் சோதனையில் தேறாத பொத்தான் வெளியே போகாது.

"இது ரிஜெக்ட்" என்றார்.

என் அம்மாவின் தையலை இந்த உலகத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அம்மா வாயைத் திறக்கவில்லை. பதில் மாமியிடமிருந்து வந்தது: "உன்னை இந்த நாடாவிலதான்ரா வளர்த்தனான்." சம்பந்திகள் இருவரும் ஒரே கட்சியில் சேர்ந்தது அன்றுதான் முதல் தடவை. கலியாண வீட்டில்கூட அது நடக்கவில்லை.

இதோடு விட்டாரா? தொழிற்சாலையில் ஓர் ஊசி முறிந்தால், அதன் துண்டுகள் முழுவதும் கிடைக்கும்வரை அந்த மிசின் ஓடாது. துண்டுகளைப் பொருத்திப் பதிவேட்டில் ஒட்டி ஒப்பம் வைத்த பிறகுதான் புது ஊசி. தைத்து முடிந்த உடுப்புகள் உலோகம் கண்டுபிடிக்கும் இயந்திரத்துக்குள்ளால் போகும். எங்கள் வீட்டில் அந்த இயந்திரம் இல்லாததால், குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த நுவரெலியா காந்தத்தைப் பிடுங்கி ஒவ்வொரு சட்டையின் மேலும் ஓட்டினார். மாமியின் விரிப்பிலிருந்து ஒரு குண்டூசி எழும்பி வந்து ஒட்டிக்கொண்டது. அன்றிரவு ஒருவரும் அவரோடு கதைக்கவில்லை. மறுநாள் அம்மா நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து, பக்கவாட்டில் குட்டையாக வைத்துத் தைத்தார். பொருத்துத் தையலையும் வெளிப்பக்கம் மாற்றினார், பிள்ளையின் தோலில் உரசாமலிருக்க. "அவர் சொன்னதுக்கு இல்லை, எனக்கே தோணிச்சு" என்றார்.

நூலும் லேசும் வாங்குவதற்குக் கெய்சர் வீதி, துணிக்கு இரண்டாம் குறுக்குத் தெரு. 1909-இலிருந்து அங்கே நிற்கிற சிவப்புப் பள்ளிவாசலைத் தாண்டினால் அம்மாவுக்குப் பழக்கமான கடை. அம்மா இன்னும் யாரில்தான் கேட்பார். கடை நாநா மீற்றரில் அளப்பார், பில்லும் மீற்றரில்தான் வரும். வீட்டில் மாமி சாண் கணக்கில் சரிபார்ப்பார். கணவர் சென்டிமீற்றரில் திருத்துவார். ஆற்று நீர்மட்டத்தை இன்னும் நாகலகம் வீதியில் அடிக்கணக்கில் பார்க்கிற நாட்டில் இதெல்லாம் பெரிய விஷயமில்லை. எப்படி அளந்தாலும் துணி மிஞ்சியது. மிஞ்சிய துணி தொப்பியாயிற்று. தொப்பியில் மிஞ்சியது கையுறையாயிற்று. காலி, வெலிகம பக்கத்துப் பீரளு லேஸ் கொஞ்சம் கிடைத்த அன்று அம்மா ஒன்றும் பேசாமல் ஒரு நீள வெள்ளை அங்கி வெட்டத் தொடங்கினார். ஞானஸ்நான அங்கி. பிள்ளைக்கு ஞானஸ்நானமா, கோயிலில் அன்னப்பிராசனமா என்பது எங்கள் வீட்டில் எவரும் வாய்விட்டுக் கதைக்காத விஷயம். மாமி அங்கியை ஒருமுறை பார்த்தார். "வடிவான நுளம்பு வலை" என்றார்.

நிறத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆணா பெண்ணா என்று சொல்லவேண்டாமென ஸ்கேன் அறையில் நாங்களே கேட்டுக்கொண்டோம். இந்த நாட்டில் பிள்ளைக்குக் கொடுக்கும் சுகாதாரப் பதிவேடே ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு இளஞ்சிவப்பு என்று இருக்கையில் இது உறவினர்களைப் பெரிதும் சிரமப்படுத்தியது. (அமெரிக்காவில் 1918-இல் ஒரு குழந்தை உடுப்பு வணிக இதழ் ஆணுக்கு இளஞ்சிவப்பு, பெண்ணுக்கு நீலம் என்று எழுதியது. இதை மாமியிடம் சொன்னேன். அமெரிக்காக்காரருக்கு என்ன தெரியும் என்றார்.) கடைசியில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே யோசனை தோன்றியது: மஞ்சள். மஞ்சள் பிளானல், மஞ்சள் பூட்டீஸ், மஞ்சள் வாத்துப் போட்ட துவாய். ரொறன்ரோவிலிருந்து மச்சாள் ஒரு பொதி அனுப்பினார். திறந்தால் கம்பளிக் கரடி உடுப்பு, காதுகளோடு, மஞ்சள் நிறத்தில். ஸ்காபரோப் பனிக்குச் செய்ததை மார்ச் மாதத்துப் பேலியகொடையில் ஒரு பிள்ளைக்குப் போட்டால் பொலிஸ் வரும்.

இந்தக் கட்டத்தில்தான் மிஸ்ஸி வந்தார். எங்கள் பகுதிக்குப் பொறுப்பான மருத்துவமாது. இந்த நாட்டில் பிள்ளைத்தாய்ச்சியின் வீட்டுக்கு அரசாங்கம் நேரில் வரும், அது பெரிய விஷயம். வந்தவர் முதலில் திரிபோஷாப் பையைப் பார்த்தார். 1973-இல் தொடங்கிய திட்டம், சத்துமா அரைபடுவது இங்கே கந்தானைப் பக்கத்தில். தாய்க்கென்று கொடுப்பதைத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்து என் கணவர்தான் சாப்பிடுகிறார் என்பதை அவர் கணவரின் வயிற்றைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். பிறகு கட்டிலில் இருந்த சின்னத் தலையணையைத் தூக்கினார். அது கலகலவென்றது. கடுகுத் தலையணை. பிள்ளையின் தலை உருண்டையாக வரவேண்டும் என்று மாமியும் அம்மாவும் கருத்து வேறுபாடே இல்லாமல் செய்த ஒரே பொருள்.

மிஸ்ஸி சிங்களத்தில் சொன்னது இது. ஒரு வயதுவரை தலையணை எதுவும் வேண்டாம், பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும், பக்கத்தில் புசுபுசுவென்று எதையும் வைக்கக்கூடாது, மூச்சு அடைக்கும். தலை தானாக உருண்டு வரும். மாமி தமிழில் சொன்னது: என்ர மகன்ர தலையைப் பாக்கச் சொல்லு. இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தது நான். ஆகையால் இருவரும் ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டு தேநீர் குடித்தார்கள். அடுத்த கிழமை மாங்காய் ஊறுகாய்க்குக் கடுகு வாங்கத் தேவைப்படவில்லை.

பிறகு மிஸ்ஸி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியவற்றைச் சொல்ல, நான் எழுதினேன். கட்டுவதற்கு மெல்லிய பருத்தித் துணிச் சதுரங்கள், கழுவிக் காயவைத்தவை, ஒரு டசினுக்கு மேல். சாதாரணச் சட்டை நாலைந்து. தொப்பி. துவாய். பழைய துணி என்றால் நல்லது, பல தடவை கழுவுப்பட்டுக் கஞ்சி முழுக்கப் போயிருக்கும், தண்ணீரையும் உறிஞ்சும். மாமியின் முகத்தில் அப்போது வந்த ஒளி, சரஸ்வதி பூசையின் கடைசி நாளில்கூட நான் பார்த்திராதது. மாமாவின் வேட்டிகள் முழுவதும் தேர்வாகிவிட்டன. 2022-இல் விலை ஏறியதிலிருந்து பம்பர்ஸ் பக்கெற்றைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துவிட்டுப் போகிற தாய்மார் நிறையப் பேர், அவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன் என்றார் மிஸ்ஸி. அம்மாவின் சட்டைகளிலும் நாலு தேர்வாகின. நாலும் ஸ்மோக்கிங் இல்லாதவை.

பின்லாந்தில் 1938-இலிருந்து தாய்மாருக்கு அரசாங்கம் ஒரு பெட்டி நிறைய உடுப்புக் கொடுக்கிறது. பெட்டியே பிள்ளையின் படுக்கையாகும். எங்களுக்கும் அப்படி ஒரு பெட்டி தந்தால் இரண்டு பாட்டிமாரையும் அதற்குள் அடக்கமுடியாது. பேறு நெருங்க நெருங்க அவர்கள் கூடுதலாகத் தைக்கிறார்கள். அம்மா மூன்று பிள்ளை பெற்று இரண்டை வளர்த்தவர். மாமி 1983 ஜூலையில், கைக்குழந்தையாக இருந்த என் கணவருடைய அக்காவை ஒரு சாரத்தில் சுற்றிக்கொண்டு வெள்ளவத்தை வீட்டை விட்டு ஓடியவர். அதை அவர்கள் கதைப்பதில்லை. ராத்திரி பத்து மணிக்கு மிசின் ஓடும் சத்தம் கேட்கும்போது நான் நித்திரை போன மாதிரிப் படுத்திருப்பேன்.

வீட்டில் இப்போது பிள்ளையைத் தவிர எல்லாம் இருக்கிறது. பார்க்க வருகிறவர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். பிறந்த பிள்ளை அளவில் உடுப்பு கொண்டுவர வேண்டாம். நாலைந்து மாதத்தில் பிறந்த நிறை இரண்டு மடங்காகும், அந்தச் சட்டைகளைப் போட்டு முடிக்க எங்கள் பிள்ளைக்கு ஐந்தாறு உடம்பு வேண்டும். ஒரு வயது அளவில் கொண்டுவாருங்கள். கழுத்தில் நாடா, பெரிய பொத்தான் இருந்தால் வாசலிலேயே ஓர் ஆள் பிடித்து இழுத்துப் பார்ப்பார், கோவிக்கவேண்டாம். நன்றாக உக்கிய பழைய சாரம் இருந்தால் கழுவிக் கொண்டுவாருங்கள், மாமி உங்களை மறக்கமாட்டார். கை கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். மஞ்சள் வேண்டாம்.