நிர்க்குண மிதிவண்டி விசாரம்

எறும்பின் நடையையும் ஏகாதசியின் பலனையும் விட்டுவைக்காத நம் ஆராய்ச்சியாளர்கள், பட்டணத்தில் மிதிவண்டிப் பித்துக் கொண்டு திரிந்த ஒருவன் அப்பித்துத் தெளியாமலேயே ஓர் ஏரிக்கரைக் கிராமத்தில் குடியேறும்போது விளையும் விபரீதங்களைப் பற்றி இதுகாறும் ஒரு வரியும் எழுதாதது தமிழுக்கு நேர்ந்த பெருங்குறை என்று சொல்வதற்கில்லை. ஆயினும், ஆராய்ச்சிக் கட்டுரை என்றால் அதன் முதல் வாக்கியத்தில் பிறர் விட்ட குறை ஒன்றைச் சுட்டியே ஆகவேண்டும் என்பது சம்பிரதாயமாகையால், அதைப் பெருங்குறை என்றே வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

இவ்வாராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட மாதிரிகளின் எண்ணிக்கை ஒன்று. அந்த ஒன்றும் இதை எழுதுபவனே. ஆராய்பவனும் ஆராயப்படுபவனும் ஒரே வீட்டில் ஒரே வாடகையில் வசிப்பதால் உண்டாகும் சிக்கனம், மானியம் பெற்று ஆராய்கிறவர்கள் கவனிக்கத்தக்கது.

களம், கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயிலை அடுத்த வீராணம் ஏரி. முதற் பராந்தக சோழனின் காலத்தில், அதாவது 10-ஆம் நூற்றாண்டில், அம்மன்னனின் விருதுப்பெயரால் வீரநாராயணன் ஏரி என்று வழங்கிய இது, ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளம் கிடக்கிறது. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வந்து இதை நிரப்ப, 47.5 அடி என்னும் முழு மட்டத்தை எட்டும்போது 1,465 மில்லியன் கன அடி நீரைத் தாங்கி நிற்கிறது. அந்நீரில் ஒரு பகுதி, 2004 முதல், இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பிரயாணம் செய்து சென்னையை அடைகிறது. அக்குழாய் நீரைக் குடித்த தெம்பில், விடியற்காலைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டும், 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்துக்குள் கடந்தால் வெறும் பதக்கம் கிடைக்கும் வைபவங்களில் கலந்துகொண்டும் காலம் கழித்த நான், நீர் வந்த வழியே எதிர்த்திசையில் புறப்பட்டு இக்கரைக்கு வந்து சேர்ந்தேன். எங்கள் இருவரில் போகுமிடம் தெரிந்து புறப்பட்டது நீரே.

வீரநாராயணம் என்பதே வீராணம் என்று மருவியது என்பர். இது தெளிவாகவும் சுருக்கமாகவும் இருப்பதால் ஆராய்ச்சி முறைப்படி ஏற்கத்தக்கதன்று. வீரம், நாணம் என்னும் இரு சொற்களும் புணர்ந்து, இடையே இருந்த எழுத்துகள் எதிர்க்காற்றில் பறந்துபோக, எஞ்சியதே வீராணம் என்றும், பட்டணத்து மிதிவண்டி வீரர்களின் வீரம் நாணும் இடம் என்பது அதன் பொருள் என்றும் யான் துணிகிறேன். இரண்டு ஊர்ப்பெயர்களில் ஓர் அசை ஒத்துவந்துவிட்டால் இரண்டு கண்டங்களையே கயிற்றால் கட்டி இழுத்து ஒட்டிவிடும் சொற்பிறப்பியலார் வாழும் நாட்டில், என்னுடைய துணிபு அடக்கமானது என்றே கருதுகிறேன்.

இனி, இக்கரையில் மிதிவண்டி ஓட்டுவோர் ஐவகையினர்.

பால்காரர்: இவர் வண்டியை ஓட்டுவதில்லை, கேன்கள் ஓட, இவர் உடன் செல்கிறார்.

பள்ளிப் பிள்ளைகள்: பதினோராம் வகுப்பில் அரசு தந்த வண்டியில், மூவர் பக்கவாட்டில் அணிவகுத்து, பேருந்தின் ஒலிக்கும் வழிவிடாதவர்.

புல்லுக்கட்டுக்காரர்: பின்னாலிருந்து நோக்குவோர்க்கு இவர் இருப்பது அனுமானப் பிரமாணத்தால் மட்டுமே பெறப்படும்.

குரங்குப் பெடலார்: இருக்கைக்குக் கால் எட்டாமையால் குறுக்குக் கம்பியின் கீழே ஒரு காலை நுழைத்து ஓட்டும் சிறுவர். வண்டியோட்டுவதில் ஆனந்தம் என்று ஒன்று உண்டெனில் அது இவர்களுக்கே உரியது, ஆராய இடமில்லை.

பித்தர்: எஞ்சிய இவரைப் பற்றியதே இந்நூல்.

பித்தரின் தலைக்கவசத்தைப் பற்றிச் சொல்லவேண்டியது ஒன்றுதான்: ஊர்நாய்கள் அதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

பித்தரின் வண்டிக்கு முன்னால் மூன்றும் பின்னால் எட்டுமாகப் பற்சக்கரங்கள் அமைந்து, ஒன்றையொன்று பெருக்க 24 கியர்கள் ஆகின்றன. சாங்கிய சாஸ்திரத்தில் பிரகிருதி தொடங்கி எண்ணப்படும் தத்துவங்களும் 24 என்பதும், எதையும் செய்யாமல் சாட்சியாய் அமர்ந்திருக்கும் புருஷன் 25-ஆவது என்பதும் அறிந்ததே. வண்டி மேல் 25-ஆவதாக அமர்ந்திருப்பவன் மூச்சிரைப்பது ஒன்றே இவ்வொப்புமையில் உள்ள சிறு பிழை. மேடென்று ஏறுவதற்கு ஏரிக்கரையைத் தவிர வேறொன்றும் இல்லாத இச்சமவெளியில் 24 தத்துவங்களுள் இரண்டே பயன்படுகின்றன. ஏனையவை எண்ணெயை மட்டும் அனுபவிக்கின்றன.

அந்த இரண்டாவதும் காற்றின் பொருட்டே வேண்டியிருக்கிறது. வேகம் இருமடங்கானால் காற்றைக் கிழித்துச் செல்ல எண்மடங்கு ஆற்றல் வேண்டும் என்பது பௌதிக சாஸ்திரம். ஆடி மாதத்தில் லால்பேட்டைப் பக்கமிருந்து சேத்தியாத்தோப்பு நோக்கி வடக்கே செல்லும்போது முதுகைத் தடவிக்கொடுக்கும் அதே காற்று, திரும்புகையில் மார்பில் கைவைத்துத் தள்ளும். ‘பொன்னியின் செல்வ’னின் தொடக்கத்தில் வந்தியத்தேவன் குதிரையேறி இக்கரை வழியே வந்ததும் ஆடிப்பெருக்கன்றுதான், அவனும் தெற்கு நோக்கியே வந்தான். ஆயினும் எதிர்க்காற்றைப் பற்றி அவன் ஓர் இடத்திலும் முறையிடவில்லை. அம்முறையீடு குதிரையினுடையதாதலாலும், குதிரையின் கூற்றைக் கல்கி பதிவு செய்யாமையாலும், இவ்விஷயத்தில் நமக்கு நேர்ச் சான்று இல்லாமற்போயிற்று. அந்நாவல் கூறும் 74 கணவாய்களைப் பற்றியோ எனில், கற்றோர் தம்முள் வாதிடக் கேட்டிருக்கிறேன். எண்ணை மறுப்பவர் கரைக்கு வந்து எண்ணிப் பார்ப்பதில்லை. எதிராளிக்கு எண்ணத் தெரியாது என்பதை இருபது பக்கத்தில் நிரூபித்துவிட்டு அமைதி கொள்கிறார்.

நிற்க. இவ்வாராய்ச்சியின் உயிர்நிலைக்கு இப்போது வருகிறோம். அது கேரியர் என்பது.

1817-இல் ஜெர்மனியில் டிரைஸ் என்பார் இயற்றிய ஆதிவண்டிக்கு மிதி இல்லை. ஏறி அமர்ந்து, தரையைக் காலால் உந்திச் செல்ல வேண்டும். பின்னர்ப் பிரான்சில் மிதி வந்தது. 1885-இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி, சமமான இரு சக்கரங்களும் பின்சக்கரத்தை இழுக்கும் சங்கிலியும் பொருத்தினார். 1888-இல் டன்லப் சக்கரத்துக்குள் காற்றைப் புகுத்தினார். இவ்வாறு குணங்கள் ஒவ்வொன்றாய் வந்து கூடி, மணி, விளக்கு, டைனமோ, மட்கார்டு, செயின் கவர், ஸ்டாண்டு, பூட்டு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கேரியர் என்னும் சகல லக்ஷணங்களோடும், இருபது கிலோவுக்குக் குறையாத திருமேனியோடும், 1949-இல் அம்பத்தூரில் தோன்றிய ஆலை வாயிலாக நம்மிடையே உலவத் தொடங்கியதே சகுண மிதிவண்டி. பால்காரர் உபாசிப்பது இதனையே.

பித்தருடையதோ நிர்க்குண மிதிவண்டி. மணி இன்று, மட்கார்டு இன்று, ஸ்டாண்டு இன்று என்று இன்மைகளால் மட்டுமே அதனை உணர்த்த இயலும். நீக்கப்பட்ட குணம் ஒவ்வொன்றுக்கும் விலையில் சில ஆயிரம் கூடும். எடை குறையக் குறைய ஏறுவது அதன் விலை ஒன்றே. செல்வந்தரான பித்தர் ஒருவர் இன்னும் ஒரு லட்சம் ரூபாய் செலவிடத் துணிவாராயின், மிதியும் சங்கிலியும் நீங்கி, மறுபடி டிரைஸினிடமே போய்ச் சேரலாம். அதற்கும் மேலே செலவிட வல்லார் நடந்தே போகலாம்.

இத்தத்துவத்தை ஊரார் எதிர்கொண்ட சம்பவம், நான் வந்த மூன்றாம் நாள் காலையில் நிகழ்ந்தது. ஸ்டாண்டு இல்லாமையால் வண்டியைப் புளியமரத்தின் மேல் சாய்த்துவிட்டுத் தேநீர் அருந்திக்கொண்டிருந்தேன். பெரியவர் ஒருவர் அதனை இருமுறை வலம்வந்து, பின்சக்கரத்துக்கு மேலே, ஒன்றுமில்லாத இடத்தில், கையை வைத்துத் தடவிப் பார்த்தார்.

“என்னா சார் வெல?”

உண்மை விலையில் பாதியைச் சொன்னேன். அதற்கே மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“அவ்ளோ காசு வாங்குனவன் ஒரு கேரியர் வெச்சுக் குடுக்கக்கூடாதா சார்?”

இவ்வொரு வாக்கியத்துக்கு அன்று பகலுக்குள் மூன்று பாஷ்யங்கள் தோன்றிவிட்டன. வண்டி வரும் வழியில் கேரியர் களவு போயிற்று, மானத்துக்கு அஞ்சிச் சார் வாய்திறக்கவில்லை என்பது முதலாவது (டீக்கடைப் பெஞ்சு, கிழக்குக் கோடி). முழு விலையும் கட்ட முடியாமையால் இப்போதைக்கு இவ்வளவுதான் தந்தார்கள், மீதித் தவணை கட்டினால் மட்கார்டும் கேரியரும் வரும் என்பது இரண்டாவது (மேற்படி பெஞ்சு, மேற்குக் கோடி, செய்தித்தாளின் வேலைவாய்ப்புப் பக்கம் விரிக்கப்பட்டிருந்த இடம்). ஏதோ பெரிய வியாதி கண்டு பிழைத்தவர், ஆண்டு முழுதும் கேரியர் இல்லாமல் ஓட்டுவதாகக் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார் என்பது மூன்றாவது (மேற்படி பெஞ்சின் நடுப்பகுதி, ஆணி பெயர்ந்திருப்பதால் நெடுநேரம் அமர இயலாத இடம், இதனாலேயே இப்பாஷ்யம் சுருக்கமாக உள்ளது, இதன் உத்தேச ஆசிரியர் வடை வாங்க எழுந்து சென்றதால் எஞ்சிய பகுதி கிடைக்கவில்லை). மூன்றையும் ஒப்புநோக்குங்கால், பித்தரின் சொந்த விளக்கமாகிய ‘எடை குறைவாக இருந்தால் வேகமாகப் போகலாம்’ என்பதே வலுவில் நான்காவதாக நிற்கிறது. வேகமாக எங்கே போவது என்று கேட்டால் அதற்கு விடையில்லை.

அதைத்தான் அடுத்துக் கேட்டார்கள்.

“காலங்காத்தால எங்க சார்?”

“சேத்தியாத்தோப்புக்கு.”

“அங்க என்னா சோலி?”

“சோலி ஒண்ணுமில்ல. போயிட்டு அப்படியே திரும்பிடுவேன்.”

பயனில் பற்று வையாமல் கர்மத்தைச் செய்க என்று கேட்டுக் கேட்டுப் பழகிய நாட்டில், பயன் என்பதே அற்ற கர்மம் ஒன்றை ஒருவன் செய்துகாட்டியபோது எழுந்த மௌனம் எனக்கு ஏமாற்றம் அளித்தது. அம்மௌனம் இரண்டு நாள் நீடித்தது. மூன்றாம் நாள், கோடிவீட்டு ஆத்தா வழியை மறித்து நின்றார்.

“சும்மாதானே போற சாமி? வரப்ப ரெண்டு கிலோ புண்ணாக்கு வாங்கியாந்துடு.”

இடையில் பஞ்சர் இயலைக் கூறாமல் மேலே செல்வதற்கில்லை. சீமைக்கருவேலின் முள், பித்தரின் மெல்லிய டயரைக் கண்டு எவ்விதச் சிரமமும் எடுத்துக்கொள்வதில்லை. பஞ்சர்க் கடைக்காரர் டியூபை உருவித் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, குமிழி எழும் இடத்தைத் தீக்குச்சியால் குறித்துக்கொண்டு, உப்புத்தாளால் தேய்த்துச் சொல்யூஷன் தடவி ஒட்டுவைத்தார். இங்கே ஒரு மகத்தான உண்மை வெளிப்படுகிறது. சோழர் காலத்து ஏரிகளில் நீரையும் வண்டலையும் வெளியேற்றும் கல்மதகுக்குக் குமிழித்தூம்பு என்று பெயர். ஏரியிலும் குமிழி, தொட்டியிலும் குமிழி. அங்கும் வெளியேற்றம், இங்கும் வெளியேற்றம். எனவே இராஜகேசரிகளின் நீர்ப்பாசனத் தொழில்நுட்பம் அழியாமல் ஆயிரம் ஆண்டுகளாகப் பஞ்சர்க் கடைகளில் காக்கப்பட்டு வருகிறது என்பது என் முடிபு. மறுப்போர், இதனினும் குறைந்த ஆதாரத்தில் பட்டம் பெற்றவர்களின் பெயர்களை முதலில் வெளியிட்டுவிட்டுப் பிறகு மறுக்க.

ஒட்டு வைத்தாயிற்று; காற்றடிக்க இயலவில்லை. நம்மூர் வண்டிகளின் வால்வுக்கு ஏற்ற பம்பின் வாய், பித்தரின் டியூபில் ஊசிபோல் நீண்டிருந்த மூக்கைக் கவ்வ மறுத்தது. “மூக்கு செறுத்துப்போச்சு சார், எங்க வாயி பெருசு” என்று கடைக்காரர் கூறியதை ஒரு தொழிலறிஞரின் கூற்றாகக் கொள்வதா, பட்டணவாசத்தின் மீதான விமரிசனமாகக் கொள்வதா என்பதில் எனக்கு இன்றும் ஐயம் உண்டு.

புண்ணாக்குக்குத் திரும்புவோம். கேரியர் இல்லாமையால் இரண்டு கிலோவையும் ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு, எதிர்க்காற்றில் பை ஆடி ஆடி முழங்காலில் இடிக்க வந்து சேர்ந்தேன். மறுநாள் ஒருவருக்கு மாத்திரைச் சீட்டு. அதற்கு மறுநாள் இருவருக்கு உளுந்தும் ஒரு கோழிக்குஞ்சுக் கூடையும். கூடை முதுகில் ஏறியது. பயனற்றிருந்த பிரயாணம் நாளுக்கு நான்கு பயன்களை ஈன்றது. வேகத்தை அளக்கும் கருவி என் மணிக்கட்டில் இருந்தபடியே சார்ஜ் தீர்ந்து அணைந்ததை நான் கவனித்தது, ஆத்தாவின் பேத்தி, “மணி என்னா மாமா?” என்று கேட்டபோதுதான்.

நிர்க்குணம் சகுணமாக மாறிய நாளைத் துல்லியமாக நிறுவ நம்மிடம் உள்ள ஒரே மூலச்சான்று, பஞ்சர்க் கடைக்காரரின் கணக்கு நோட்டு (கடையின் வலப்புற ஆணியில் பழைய செயினோடு சேர்த்து மாட்டப்பட்டிருக்கும் பிரதி, முதற்பாதி நான்காம் வகுப்பு வாய்ப்பாடு, பிற்பாதி கடன், எண்ணெய்க் கறையால் இரண்டு பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஊதிப் பிரிக்கவேண்டிய நிலையிலுள்ளது, மேலட்டை இல்லை, சுண்டல் மடிக்கப் போயிற்று). அதன் பதின்மூன்றாம் பக்கத்தில், கீழிருந்து மூன்றாம் வரியில், ‘ஏரிக்கர சார், கேரியர் 1, கிளாம்பு 2, வரவு 300, பாக்கி 50’ என்று காண்கிறது. இவ்வரியின் நம்பகத்தன்மையில் ஐயமில்லை. பாக்கி ஐம்பதும் இன்றுவரை பாக்கியே. ஆனால் அதன் ஓரத்தில், பென்சிலால், கடைக்காரரின் மகனுடையது என்று ஊகிக்கத்தக்க வேறொரு கை எழுதிய நான்கு சொற்கள் உள்ளன. இடைச்செருகல் என்று இவற்றைத் தள்ளிவிடவே விரும்பினேன். எழுத்தின் உருட்டலைக் கொண்டு காலத்தைக் கணித்ததில் அது சென்ற வாரத்தது என்று தெரியவந்ததாலும், சென்ற வாரம் நான் கடையில் என்ன கேட்டேன் என்பது எனக்கே நினைவிருப்பதாலும், உள்ளபடியே இங்குத் தருகிறேன்:

‘ஸ்டாண்டும் மணியும் கேக்குறாரு சார்.’