மஞ்சள் விளக்கு எரிந்தால்: உத்தனப்பள்ளிச் செயல்முறைக் கையேடு

பழைய எஃப்.ஐ. (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) பைக்கின் மீட்டரில் எஞ்சின் படம் ஒன்று மஞ்சளாக எரிகிறதா? பதற வேண்டாம். நிரந்தரத் தீர்வு கைவசம் இருக்கிறது: கறுப்பு இன்சுலேஷன் டேப், அரை அங்குலம். ஓசூர்–ராயக்கோட்டை சாலையில் உத்தனப்பள்ளிப் பக்கம் மாலையில் நின்று பாருங்கள். ஷிப்ட் முடிந்து வருகிறவர், பின்னால் தக்காளி கிரேட் கட்டியவர், ரோஜாப் பண்ணைக்கு மருந்து வாங்கிப் போகிறவர் என்று எல்லா வயதினரும் இந்தச் சிகிச்சையை நம்புகிறார்கள். விளக்கு தெரியாது, கவலையும் தெரியாது. டேப் ஒட்டிய பிறகும் வண்டி மிஸ்ஸிங் அடித்தால் மட்டும் மேலே படியுங்கள்.

இந்தத் தொல்லை நம் அப்பாக்களுக்கு இல்லை. 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தபோது அதில் சென்சார் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. வண்டியை ஆட்டி, டேங்க்கில் சளசளவென்று சத்தம் கேட்கிறதா என்று காது வைத்துப் பார்ப்பவர்தான் சென்சார். 2006-ல் ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்.ஐ. வந்தது. 2007-ல் இன்ஜெக்ஷனோடு வந்த பல்சர் 220, இரண்டே வருடத்தில், 2009-ல், சமர்த்தாக கார்புரேட்டருக்குத் திரும்பிவிட்டது. 2008-ல் யமஹா ஆர்15, அதே ஆண்டில் அப்பாச்சியிலும் ஓர் எஃப்.ஐ. வேண்டியவர்கள் வாங்கினார்கள், வேண்டாதவர்கள் ஒதுங்கினார்கள். 2020 ஏப்ரல் 1 அன்று பி.எஸ்.6 புகை விதி கட்டாயமானதும் ஒதுங்க இடமில்லாமல் போயிற்று. தக்காளி மூட்டையும் பால் கேனும் சுமக்கும் எக்ஸ்.எல். 100-க்கே இப்போது இன்ஜெக்ஷன். அதற்கும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்.

ஆகவே இந்தக் கையேடு, பத்துப் பதினைந்து வருடத்து எஃப்.ஐ. வண்டியை வைத்திருப்பவருக்கு. கே.ஏ.51 பலகையோடு எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கத்திலிருந்து கைமாறி வந்த வண்டியாக இருந்தால் இன்னும் விசேஷம். முந்தைய ஓனர்கள் எல்லோரும் ஆளுக்கொரு ஒயரை வெட்டி ஒட்டியிருப்பார்கள்.

முதல் வேலை, வண்டியை டீக்கடை முன்னால் நிறுத்துவது. ஸ்டாண்டு போடும் முன்பே ஆலோசனைக் குழு கூடிவிடும். "ஏமாயிந்தி அன்னா?" என்று தெலுங்கில் ஒருவர், "ஏனாய்து குரு?" என்று கன்னடத்தில் ஒருவர், "பிளக்கைக் கழட்டித் துடைச்சியாப்பா?" என்று தமிழில் ஒரு பெரியவர். நோய் மூன்று மொழியில் விசாரிக்கப்பட்டாலும் மருந்து ஒன்றுதான்: பிளக்கைத் துடை. சிப்காட்டில் ஏதோ ஒரு லைனில் சென்சார் பொருத்தும் பையன் அங்கேயேதான் டீ குடித்துக்கொண்டிருப்பான். அவன் வாயே திறக்க மாட்டான். அவனுக்குத்தான் விஷயம் தெரியும்.

பிளக்கைத் துடைத்தும் சரியாகவில்லை என்றால் மெக்கானிக். அங்கே நடக்கும் உரையாடல் எப்போதும் இதுதான்:

"சென்சார் போயிருச்சுண்ணா."

"எந்த சென்சாருப்பா?"

"மெயின் சென்சார்."

மெயின் சென்சார் என்று எந்த வண்டியிலும் எதுவும் இல்லை. வண்டிக்குள் இருப்பவை: கிராங்க் எந்த இடத்தில் சுற்றுகிறது என்று சொல்லும் பிக்கப் காயில், ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் டி.பி.எஸ்., உறிஞ்சும் காற்றின் அழுத்தத்தைச் சொல்வது ஒன்று, எஞ்சின் சூட்டைச் சொல்வது ஒன்று, சைலன்சரில் ஆக்சிஜனை மோந்து பார்ப்பது ஒன்று, வண்டி சாய்ந்தால் எஞ்சினை நிறுத்தச் சொல்வது ஒன்று. எல்லாமே தகவல் சொல்கிறவை. தகவல் மோசமாக இருந்தால் சொன்னவரை மாற்றுவது நம் வழக்கம்; ஏரிக்கரை உடைந்தது என்று ஓடிவந்து சொன்ன தலையாரியை வேலையைவிட்டுத் தூக்குவதைப் போல. சென்சார்தான் கடையில் விலைக்குக் கிடைக்கிறது. ஒயரில் இருக்கும் பச்சைக் களிம்பை யாரும் பெட்டியில் போட்டு விற்பதில்லை. அதனால்தான் குற்றவாளி எப்போதும் சென்சாராகவே இருக்கிறது.

செலவு செய்யும் உறுதியோடு இருப்பவர்கள் அடுத்த நான்கு பத்திகளைத் தாண்டிவிடலாம்.

விளக்கு வெறுமனே எரிவதில்லை, பல வண்டிகளில் பேசவும் செய்யும். யமஹாவின் பல எஃப்.ஐ. வண்டிகளில் நீளமான மினுக்கல் பத்து, குட்டையானது ஒன்று. நீளமாக ஒன்று, குட்டையாக ஐந்து என்றால் 15, அதாவது டி.பி.எஸ். நீளம் ஒன்று, குட்டை இரண்டு என்றால் 12, கிராங்க் சென்சார். நீளம் இரண்டு, குட்டை எட்டு என்றால் 28, எஞ்சின் சூடு. ஆனால் அது "சென்சார் செத்தது" என்று சொல்லவில்லை. "இந்தப் பக்கத்திலிருந்து வரும் கணக்கு ஒத்துவரவில்லை" என்கிறது. அந்தப் பக்கத்தில் ஒயர் இருக்கிறது, கப்ளர் இருக்கிறது, எர்த் இருக்கிறது, கடைசியில்தான் சென்சார்.

எனவே மல்டிமீட்டர் வாங்குங்கள். முதலில் பேட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட் நல்லது, 12.2-க்குக் கீழே இறங்கிவிட்டால் கம்ப்யூட்டர் எதைப் பார்த்தாலும் பேயாகத்தான் பார்க்கும். பிறகு எர்த் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாள் போடுங்கள். சென்சார் கப்ளரைப் பிரித்துப் பாருங்கள். வாட்டர் சர்வீஸில் பிரஷர் பைப்பை எஞ்சினுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லி ரசித்துப் பார்த்தீர்களே, அந்தத் தண்ணீர் இன்னும் அங்கேதான் இருக்கிறது. ராகி மூட்டை அடுக்கிய அறையில் வண்டியை நிறுத்துகிறவர்கள் சீட்டுக்கு அடியிலும் பாருங்கள். எலிக்கு ஒயர் உறையின் மேல் தனிப் பிரியம்.

அடுத்தது, காற்றழுத்த சென்சார் பற்றி உத்தனப்பள்ளிக்கே உரிய எச்சரிக்கை. ஸ்கேனர் கிடைத்து, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் போட்டுப் பார்த்தால், அது வெளியே இருக்கும் காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். சென்னையில் உட்கார்ந்து வீடியோ போடுகிறவர் 101 கிலோபாஸ்கல் என்பார். உங்களுக்கு 91 காட்டும். உடனே சென்சாரைப் பிடுங்கிவிடாதீர்கள். ஓசூர்ப் பீடபூமி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் மேலே இருக்கிறது; இங்கே காற்றே அவ்வளவுதான். வண்டியை ஓட்டிக்கொண்டு கிருஷ்ணகிரிக்கு இறங்கினால் எண் ஏறும், சேலம் போனால் இன்னும் ஏறும். ஏறவில்லை என்றால்தான் சந்தேகம்.

ஆக்சிஜன் சென்சாருக்கும் இதே கதி. 1976-ல் வோல்வோ காருக்காக பாஷ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த சாமான் இது. பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்பது இதன் வேதவாக்கு. இப்போது பெட்ரோல் பங்க்கில் ஊற்றுவது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. அதற்குத் தேவையான காற்று 13.5 பங்குக்குப் பக்கத்தில். பழைய வண்டிக்கு அந்தக் கணக்கு சொல்லித்தரப்படவில்லை. "பெட்ரோல் போதவில்லை, போதவில்லை" என்று சென்சார் கத்துகிறது. கத்துவது உண்மை. அதைக் கழற்றிப் புதிதாக ஒன்றைப் போட்டால் புதியதும் அதையே கத்தும், கூடுதல் தெளிவோடு.

இனி, உண்மையிலேயே சென்சார் செத்துப்போகிற ஒரு கேஸ். இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் இதில் யானை வருகிறது.

பிக்கப் காயில் என்பது மெல்லிய செப்புக் கம்பியைச் சுற்றிய சின்ன உருண்டை. மேக்னட் கவருக்குள், எண்ணெய்ச் சூட்டில் வருடக்கணக்காக வேகிறது. ஒருநாள் உள்ளே கம்பி விரிசல் விடும். வண்டி குளிர்ந்திருக்கும்போது விரிசலின் இரு முனையும் தொட்டுக்கொண்டிருக்கும், சூடேறினால் விலகும். காலையில் பனியில் ஒரே அழுத்தில் கிளம்பும், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடும், திடீரென்று சாவியைப் பிடுங்கியது போல நிற்கும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி கிளம்பும். மெக்கானிக்கிடம் போய்ச் சேரும்போது ஆறியிருக்கும், அதனால் அங்கே வண்டி நன்றாகத்தான் ஓடும். "நல்லாத்தானே ஓடுதுண்ணா" என்பார். உங்கள் சொல்லை வீட்டில்கூட யாரும் நம்ப மாட்டார்கள்.

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். ஓசூரில் கிளம்பி உத்தனப்பள்ளி வருகிறவருக்கு, எஞ்சின் நன்றாகச் சூடேறும் நேரத்தில் வருவது சானமாவு காடு. ராகி அறுவடை மாதங்களில் யானைக் கூட்டம் அங்கே முகாமிட்டிருக்கிறது என்று வனத்துறை எச்சரிக்கை சொல்லிக்கொண்டே இருக்கும். இரண்டாம் ஷிப்ட் முடித்து வரும் பழைய எஃப்.ஐ. வண்டி சரியாக அந்த இடத்தில் சூட்டில் நிற்கும். பாடப்புத்தகம் சொல்வது: வண்டி நின்ற அந்தக் கணமே கப்ளரைப் பிரித்து, காயிலின் ஓம் அளவைப் பார். வண்டிக்கு வண்டி மாறினாலும் பெரும்பாலும் 100 முதல் 300 ஓம் வரை இருக்கும். சூட்டில் மீட்டர் எதையும் காட்டாமல் முழித்தால் காயில் போயிற்று. பாடம் சரிதான். ஆனால் சானமாவில் மீட்டரை எடுக்காதீர்கள். பின்னால் வரும் கம்பெனி பஸ்ஸில் கையைக் காட்டி ஏறுங்கள். வண்டி காலையிலும் அங்கேதான் இருக்கும். சோதனையை வீட்டு வாசலில், வண்டியை நிறுத்திவைத்தே அரை மணி ஓடவிட்டுச் செய்துகொள்ளலாம்.

காயில் போனது உறுதியா? வாங்கும் படலம். உங்களைச் சுற்றி இருப்பது இருசக்கர வண்டி செய்கிற ஊர்தான். ஓசூரில் டி.வி.எஸ்., ஏத்தர், பக்கத்தில் திம்ஜேப்பள்ளியில் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஐபோனுக்கு உறுப்பு செய்கிறது. தலைமுடியைவிட மெல்லிய அளவில் தப்பு வந்தால் தூக்கிப் போடுகிற ஊரில், பதினைந்து வருடத்துப் பைக்கின் விரல் நீளச் சாமானைக் கேட்டால் "ஆர்டர் போடணும்ணா, பத்து நாள் ஆகும்" என்பார்கள். பத்து நாள் பொறுக்காதவர் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி, பெங்களூரு ஜே.சி. ரோட்டுக்குப் போக வேண்டும். அங்கே மூன்று ரகம் உண்டு: ஒரிஜினல், "ஒரிஜினல் மாதிரி", கடைக்காரரே கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு எடுத்துத் தருவது. பழையதைக் கையில் கொண்டுபோங்கள். கப்ளரில் எத்தனை பின், தொங்கும் ஒயரின் நீளம், ஸ்க்ரூ ஓட்டைகளின் இடைவெளி மூன்றையும் ஒத்துப் பாருங்கள். படத்தை மட்டும் வாட்ஸப்பில் அனுப்பி வாங்கினால் பக்கத்து மாடலுக்குரியது வரும். சில வண்டிகளுக்குக் காயில் தனியாகவே கிடைக்காது. ஸ்டேட்டர் முழுசாகத்தான் தருவார்கள். அந்த விலையைக் கேட்டதும் டேப் வைத்தியத்தின் அருமை புரியும்.

மாற்றுவது சுலபம், அதாவது படிக்கச் சுலபம். சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாயும்; பெரும்பாலான வண்டிகளில் மேக்னட் கவரும் இடப்பக்கம்தான். அப்படியே திறந்தால் எஞ்சின் எண்ணெய் உங்கள் வாசல் கோலத்தின் மேல் ஓடும். எண்ணெயை வடித்துவிட்டுத் திறங்கள், அல்லது வண்டியை வலப்பக்கம் சாய்த்துக் கட்டுங்கள். கவரை இழுக்கும்போது உள்ளே காந்தம் திருப்பி இழுக்கும்; விரலை இடையில் கொடுக்க வேண்டாம். பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்துப் புதிது போடுங்கள். "இதே போதும், சிலிக்கான் தடவிக்கலாம்" என்று சொல்லும் மச்சானை டீ வாங்க அனுப்பிவிடுங்கள். புதிய காயிலின் ஒயர் சுழலும் காந்தத்தில் உரசாமல் பழைய பாதையிலேயே போக வேண்டும். கவர் போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் போதும். டயர் மாற்றுகிற பலத்தைக் காட்டினால் அலுமினியப் புரி உரிந்து கையோடு வரும். அதைச் சரிசெய்ய வேறு ஒரு கையேடு தேவைப்படும். முடித்ததும் எண்ணெய் அளவைப் பார்த்துவிட்டுக் கிளப்புங்கள். சில வண்டிகளில் விளக்கு தானாக அணையும், சிலவற்றில் ஸ்கேனர் வைத்து அழித்தால்தான் போகும்.

சூடு பார்க்கும் சென்சாரை மாற்றியவர்களுக்கு ஒரு சிறு பரிசோதனை. கழற்றிய பழையதை டீக்கடைக்குக் கொண்டுபோங்கள். சாதாரணச் சூட்டில் மீட்டரில் இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு ஓம் காட்டும். கொதிக்க வைத்த வெந்நீரில் ஒரு டம்ளர் வாங்கி முனையை மட்டும் அதில் நனையுங்கள். முந்நூறுக்குப் பக்கமாகச் சீராக இறங்கினால் அது நல்ல சென்சார். கப்ளரில்தான் கோளாறு இருந்தது, புதியதை மாட்டும்போது கப்ளர் அசைந்து சரியாகியிருக்கிறது. இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம்.

புதிய சென்சார் வந்த அட்டைப்பெட்டியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை விற்கும்போது "ஒரிஜினல் சென்சார் போட்டிருக்கு" என்று அதைக் காட்டினால் ஐந்நூறு ரூபாய் ஏற்றிக் கேட்கலாம். பழைய சென்சாரை மட்டும் பெட்டியில் போட்டு வைக்காதீர்கள். வாங்க வருகிறவர் கையில் மீட்டரோடு வந்துவிடக்கூடும்.