நஹானி டிராப் வழி வெள்ளம்: மேல்வீட்டாரை முன்வைத்து ஓர் ஆய்வு

சென்னை வெள்ளம் குறித்த ஆய்வுகள் யாவும் பெரிய அளவிலேயே நின்றுவிட்டன. 2015 டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியதையும், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிட்டதையும், அடையாறு கரை தாண்டியதையும் அறிஞர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். அந்தத் தண்ணீர் ஒரு தரைத்தள வீட்டின் குளியலறைக்குள் எந்த வழியாக நுழைந்தது என்பதற்கு மட்டும் முனைவர் பட்டம் வாங்க ஆளில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை. ஆய்வெல்லை: வேளச்சேரி, முடிச்சூர் வட்டாரத்துத் தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீடுகள். தனி வில்லாக்கள் சேர்க்கப்படவில்லை. அங்கே காவலாளி ஆய்வாளரை உள்ளே விடவில்லை.

வெள்ளம் வாசல் வழியாக வரும் என்பது மரபான கருதுகோள். இதை நம்பித்தான் ஐப்பசி பிறந்ததும் கேட்டுக்கு அடியில் மணல்மூட்டை அடுக்குகிறார்கள். வாசற்படியில் அரையடிச் சுவர் எழுப்புகிறார்கள். அந்தச் சுவரில் தாத்தா இடறி விழுகிறார். அடைமழை இரவில் நடப்பதோ வேறு. வாசல் காய்ந்து கிடக்கும். குளியலறையிலிருந்து ‘களக்’ என்றொரு சத்தம் வரும். தரை ஓட்டையின் ஜாலியைத் தள்ளிக்கொண்டு இரண்டு கரப்பான்பூச்சிகள் மேலே வரும். இத்துறையின் முன்னோடிகள் இவையே. அடுத்து சோப்பு நுரை, ஒரு முடிக்கற்றை, அப்புறம் எவர் வீட்டுடையது என்று சொல்ல முடியாத கறுப்புத் தண்ணீர்.

இதில் மாயமில்லை. தெருவில் தண்ணீர் நின்றால் மேன்ஹோல் நிரம்பும். அதோடு குழாயால் சேர்ந்த நம் வீட்டுச் சாக்கடைச் சேம்பரிலும் அதே மட்டத்துக்குத் தண்ணீர் ஏறும். வீட்டுக்குள் எந்த வாய் தாழ்ந்திருக்கிறதோ அங்கே வெளியே வரும். பெரும்பாலும் அது குளியலறைத் தரை. தரை ஓட்டைக்கு அடியிலுள்ள நஹானி டிராப்பில் எப்போதும் இரண்டு அங்குலத் தண்ணீர் நிற்கிறதே, அது தடுக்காதா என்று கேட்கலாம். அது சாக்கடை வாடையைத் தடுக்க நிற்கிறது. வெள்ளத்தைக் கண்டால் அதோடு சேர்ந்துகொள்ளும். “கட்டும்போது தெருவைவிட ரெண்டடி உசரம் சார்” என்று வீட்டுக்காரர் சத்தியம் செய்வார். பொய்யில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதுச் சாலை போட்டுப் போட்டுத் தெரு வளர்ந்துவிட்டது. வீடு வளரவில்லை.

வாயை அடைப்பதில் இரண்டு சிந்தனைப் பள்ளிகள் உண்டு. முதலாவது துணிப் பள்ளி: பழைய லுங்கியைச் சுருட்டித் திணிப்பது. இரண்டாவது பளுப் பள்ளி: ஏதாவது கனமானதைத் தூக்கி வைப்பது. துணிப் பள்ளியாரிடம் கணக்கு இல்லை என்பதே என் குற்றச்சாட்டு. நாலு அங்குலக் குழாயின் வாய்ப்பரப்பு சுமார் 78 சதுர சென்டிமீட்டர். தெருத் தண்ணீர் அந்த வாய்க்கு மேல் ஓர் அடி நின்றால், அடியிலிருந்து ஏறத்தாழ 2.4 கிலோ எடை நெம்பும். மூன்றடி நின்றால் 7 கிலோ. லுங்கி எத்தனை கிலோ? ஒரு செங்கல் சுமார் 3 கிலோ இருக்கும். ஆக, ஓரடி வெள்ளம் வரை செங்கல் பறக்காது, ஆனால் ஓரமெல்லாம் கசியும். மணல்மூட்டையே மேல். அதையும் பிதுங்கப் பிதுங்கக் கட்டினால் உருண்டு நிற்குமே தவிர ஓட்டையில் படியாது. முக்கால் பங்கு நிரப்பி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, இந்தியன் டாய்லெட் வாயிலும் தரை ஓட்டையிலும் சாய்த்து மிதித்துவிட வேண்டும். விருந்தினர் வந்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவது நாகரிகம்.

மற்ற உறுப்புகளை வேகமாகக் கடப்போம். சம்ப் மூடி தரைமட்டத்தில் இருந்தால் அதன் கழுத்தை உயர்த்திக் கட்ட வேண்டும். மோட்டாரைச் சுவரேற்ற வேண்டும். மின்சாரம் போவதற்கு முந்தைய நாளே மேல்தொட்டியை நிரப்பிவிட வேண்டும். மண்ணுக்குள் புதைத்த பிளாஸ்டிக் தொட்டியைக் காலியாக விடக் கூடாது. மண் ஊறினால் ஆயிரம் லிட்டர் தொட்டியை ஒரு டன் விசை மேலே தள்ளும். தோட்டத்தில் தொட்டி முளைத்ததைப் பார்த்து ஆர்க்கிமிடிஸ் மகிழலாம், நம்மால் முடியாது.

இனி ஆய்வின் மையப்பகுதி. பளுப் பள்ளியையும் மிஞ்சியது என்.ஆர்.வி. எனும் ஒருவழி வால்வு. காம்பவுண்டுக்குள் கடைசிச் சேம்பருக்கு முன்னால் பொருத்தினால், வீட்டுத் தண்ணீரை வெளியே விடும், தெருத் தண்ணீரை உள்ளே விடாது. உள்ளே மண்ணோ துணியோ சிக்கினால் மூடாது என்பதால் மழைக்கு முன் திறந்து கழுவ வேண்டும். பிளம்பரைப் புரட்டாசியில் கூப்பிட்டால் வருவார். கார்த்திகையில் கூப்பிட்டால் அவருடைய போன் மட்டுமே கிடைக்கும், அதையும் அவர் மனைவி எடுப்பார்.

வால்வைப் பொருத்திவிட்டுப் பிளம்பர் சொன்ன வாக்கியம் ஆய்வின் போக்கையே மாற்றியது. “மழையப்போ மேல்வீட்ல குளிக்க வேணாம்னு சொல்லிடுங்க சார்.” வால்வு மூடியிருக்கும்போது தெருத் தண்ணீர் உள்ளே வராது, சரி. வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. மேல்வீட்டார் ஊற்றும் ஒவ்வொரு குவளையும் இறங்கி வந்து, போக வழியில்லாமல், தரைத்தளத்தின் தாழ்ந்த வாயில் எழும்பும். மேல்வீட்டுக் குழாயைத் தனியே பிரித்து வால்வுக்கு அந்தப் பக்கம் சேர்த்தால் தீரும். அதற்குப் போர்ட்டிகோ டைல்ஸை உடைக்க வேண்டும். செலவு இருவருக்கும் பொது.

“எங்க வீட்டுக்குத் தண்ணியே வரலையே சார், நாங்க எதுக்குப் பங்கு தரணும்?” என்றார் மேல்வீட்டுக்காரர். தர்க்கத்தில் ஓட்டையில்லை. ஓட்டை குளியலறையில் இருக்கிறது.

பேச்சுவார்த்தை இழுபடுகையில் புயல் வந்துவிடும். அப்போது கீழ்வீட்டார் பாய், தலையணை, ரேஷன் கார்டோடு மேலே தஞ்சம் புகுவார்கள். மேல்வீட்டார் முகம் சுளிக்காமல் ரசமும் அப்பளமும் போட்டு, “வெந்நீர் வெச்சிருக்கேன், குளிச்சிட்டு வாங்க அண்ணி” என்பார்கள். அண்ணி குளிப்பார். அந்தத் தண்ணீர் படியிறங்காமல், குழாய் வழியே, அண்ணியின் வீட்டுக்குப் போகும்.